ஒரு மாலை வேலைதான் என்று சொன்னேன்

"ஒரு மாலை வேலைதான் ஐயா. ஆறு மணிக்கு வந்தால் ஒன்பதுக்குள் முடித்துவிடலாம்." நிலாவெளியில் ஒரு கடற்கரை விடுதியின் முகாமையாளரிடம் ஜூன் மாதக் கடைசியில் நான் சொன்ன சொல் இது. அந்த வேலை நவம்பர் மழையில்தான் ஓய்ந்தது. இடையில் பதினொரு நாட்கள், விடுதியின் கமராப் பதிவுப் பெட்டியை விருந்தினர் எவரும் தங்கள் கைத்தொலைபேசியிலிருந்து தட்டிப் பார்க்கும்படி நானே திறந்துவைத்திருந்தேன். அது எனக்குத் தெரியாமலே நடந்தது. தெரியாமல் நடந்தது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

நான் திருகோணமலை நகரில் இருக்கிறேன். கமரா பூட்டுவது, கேபிள் இழுப்பது, விடுதிகளுக்கு வைஃபை அமைப்பது என்று பிழைப்பு. கூட வேலை செய்த நண்பன் கட்டாருக்குப் போனபிறகு நான் தனியாள். சிக்கல் வந்தால் கேட்பதற்குக் கொழும்பில் ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் தொலைபேசியை எடுக்கும் நேரமும் எனக்குச் சிக்கல் வரும் நேரமும் ஒருநாளும் பொருந்தியதில்லை. ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைத்த வலைகளை இணைக்கும் இந்த வேலையைப் பற்றித் தமிழில் யாராவது நாலு வரி எழுதிவைத்திருந்தால் எனக்குச் சில ஆயிரங்களும் பல இரவுகளும் மிஞ்சியிருக்கும். ஆகவே எழுதுகிறேன்.

விடுதியில் நடுவே, எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஒரு பெரிய சுவிட்ச். தரவுப் பொதி எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ரூட்டிங் வேலையையும் தானே செய்யும் வகை. எனக்கு முன்னால் இருந்தவர் அதில் விருந்தினர், அலுவலகம், கட்டணக் கருவிகள், கமரா என்று நான்கு வீ.ஆர்.எஃப். போட்டு வைத்திருந்தார். அதாவது ஒரே சுவிட்சுக்குள் நான்கு தனித்தனி வழித்தட அட்டவணைகள். கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு அடுப்பு வைத்தது போல: வீடு ஒன்று, ஆனால் ஒரு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மற்ற அடுப்புக்குத் தெரியாது. நல்ல ஏற்பாடு. நான்கிலிருந்தும் தனித்தனிக் கோடு, யார் யாரோடு பேசலாம் என்று காவல் நிற்கும் பெட்டியான ஒரு ஃபயர்வாலுக்குப் போகும். ஒரு அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டியதெல்லாம் அந்த ஃபயர்வால் வழியாகவே போய்த் திரும்பும். அங்கேதான் நெரிசல். ஃபயர்வாலின் வயது அதிகம், அதன் வாய் நொடிக்கு 100 மெகாபிட். அலுவலகத்தில் ஒருவர் நாலு கமராவை ஒரே நேரத்தில் திறந்தால் வரவேற்பு மேசையில் பில் அடிக்க முடியாது. புது ஃபயர்வாலுக்கு விலை கேட்ட முதலாளி அன்றே அந்தப் பேச்சை மூடிவிட்டார். "தம்பி, இவ்வளவு பெரிய சுவிட்ச் நடுவில் இருக்கிறதே, அதற்குள்ளேயே இணைத்துவிட முடியாதா?" என்று முகாமையாளர் கேட்டார். முடியும். ஒரு அட்டவணையில் உள்ள வழித்தடத்தை இன்னொரு அட்டவணைக்குத் தெரியப்படுத்தினால் போதும். தொழிலில் இதை ரூட் லீக்கிங் என்பார்கள், வழித்தடத்தைக் கசியவிடுவது. அந்தப் பெயரிலேயே ஒரு எச்சரிக்கை இருந்தது. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் மாலை கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சுவிட்ச் இருந்த அறை சமையலறைக்குப் பின்னால். புழுதியும் மீன் பொரிக்கும் வாசமும். எளிய வழியைப் பிடித்தேன். அலுவலக அட்டவணையில், கமராப் பதிவுப் பெட்டியின் ஐ.பி. முகவரிக்கு ஒரு ஸ்டாடிக் வழித்தடம், அதாவது கையால் எழுதும் வழித்தடம், எழுதி, கமரா வீலானை (சுவிட்சுக்குள் பிரித்துவைத்த கமராக்களின் தனி வலையை) நோக்கித் திருப்பிவிட்டேன். அட்டவணையைப் பார்த்தால் வழித்தடம் அழகாக நிற்கிறது. மறுமுனை பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் போகவில்லை. ஒரு மணி நேரம் கேபிளையும் பதிவுப் பெட்டியையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் கமராப் பக்கத்துப் போர்ட்டில் போன பொதிகளின் எண்ணிக்கையைப் பார்த்தபோதுதான் விளங்கியது: பொதி போய்ச் சேருகிறது, பதிலுக்குத் திரும்பி வர வழியில்லை. கமரா அட்டவணைக்கு அலுவலகம் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. கசியவிடுவது என்றால் எப்போதும் இரண்டு வரி, போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று. கேட்டால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும் போலிருக்கும். அந்த அறையில் இரவு எட்டரை மணிக்கு எனக்குத் தெரியவில்லை.

வரும் வழியை எழுதப் போனால் அடுத்த முடிச்சு. எங்கள் சுவிட்ச், வெளியேறும் வீலானை மட்டும் சொன்னால் ஏற்கவில்லை. பொதியை அடுத்து யாரிடம் கையளிப்பது என்ற அடுத்த முகவரி எது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரடியாக ஒட்டியிருக்கும் வலைக்கு அடுத்த முகவரி என்றால் அந்தந்தக் கணினியேதான். அலுவலகத்தில் பத்துக் கணினி, பத்து வரி. புதிதாக ஒரு மடிக்கணினி வந்தால் பதினொன்றாவது வரி. அன்றிரவு பத்து வரியும் எழுதிக் கமராப் படம் அலுவலகத் திரையில் வந்ததும் முகாமையாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு மட்டும் அது ஓட்டைக் குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது போலிருந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லித் தராதது. சுவிட்சின் உள்ளே இருந்தபடி பிங் அடித்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எந்த அட்டவணையிலிருந்து, எந்த முகவரியைத் தன் முகவரியாக வைத்துக்கொண்டு அடிக்கிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது தன் விருப்பத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். எங்கள் சுவிட்சில் மறு அட்டவணையின் வீலான் முகவரி கடைசிவரை பதில் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் இருந்த கணினிகளோ ஒழுங்காகப் பதில் சொல்லின. அதற்கு ஒரு முழு மணி நேரம் தண்டம். ஒரு பழைய மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய் அந்தந்த வீலானில் செருகிப் பாருங்கள். உண்மை அங்கேதான் தெரியும்.

மறுநாள் கட்டணக் கருவிகளுக்கு வந்தேன். அலுவலகத்தில் உள்ள கணக்குச் சேவையகத்தோடு அவை பேச வேண்டும். கருவிகளின் வலை எது என்று பார்த்தேன்: 192.168.1.0/24, அதாவது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம். கமராக்களின் வலை எது? அதுவும் 192.168.1.0/24. ஒருகணம் தலை சுற்றியது. தவறு யாருடையதும் இல்லை. இரண்டு பேர் இரண்டு காலத்தில் வந்து பெட்டியோடு வந்த முகவரியை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். அட்டவணைகள் தனித்தனியாக இருக்கும்வரை ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருக்கலாம்; வீ.ஆர்.எஃப். என்ற ஏற்பாடு வந்த காரணங்களில் அதுவும் ஒன்று. இரண்டையும் மூன்றாவது அட்டவணை ஒன்றுக்குள் கொண்டுவந்தால் அங்கே ஒன்றுதான் நிற்கும், மற்றது மறைந்துவிடும். சுவிட்ச் குறை சொல்லாது. எச்சரிக்கை விளக்கும் எரியாது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு காரியம்: எல்லா அட்டவணைகளின் வலைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒன்றோடொன்று மோதுகிறதா என்று பார்ப்பது. பத்து நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் 45,000 ரூபா என்று வாயால் சொல்லியிருக்க மாட்டேன்.

சரியான வழி, ஒரு பக்கத்தின் முகவரிகளை மாற்றுவது. முப்பத்தெட்டுக் கமரா, விடுதியில் ஒரு அறை காலியில்லாத பருவம். குறுக்கு வழியைத் தேர்ந்தேன். அலுவலகத்துக்குக் கமராக்கள் எதற்கு, பதிவுப் பெட்டி மட்டும் போதும். அதன் முகவரி 192.168.1.50. அதை மட்டும் /32 ஆக, ஒற்றை முகவரியாகக் கமரா அட்டவணையை நோக்கித் திருப்பினேன். மற்ற /24 முழுதும் கட்டணக் கருவிகளை நோக்கி. நீளமாக, அதாவது இன்னும் குறிப்பாகப் பொருந்தும் வழித்தடமே வெல்லும் என்பது ரூட்டிங்கின் அடிப்படை விதி, ஆகவே .50 கமராப் பக்கம், மற்றவை கருவிகள் பக்கம். அன்றைக்கு என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பிளேன் டீ குடித்தேன்.

ஸ்டாடிக் வரிகள் பெருகிக்கொண்டே போனதால், முறையாகச் செய்வோம் என்று, வழித்தடங்களைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான பி.ஜி.பி. பக்கம் திரும்பினேன். பி.ஜி.பி. என்றால் உலக இணையத்தை இணைப்பது என்றுதான் நம்மில் பலருக்கு எண்ணம். அயலவர் (வழித்தடம் பரிமாறும் வேறு பெட்டி) ஒருவர்கூட இல்லாமல், ஒரே சுவிட்சுக்குள், அட்டவணைக்கு அட்டவணை வழித்தடங்களை ஏற்றி இறக்கவும் அதைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு அட்டவணையும் தன் வழித்தடங்களை ஒரு முத்திரை குத்தி வெளியே வைக்கும். எந்த முத்திரையுள்ளதை எடுத்துக்கொள்வது என்று மற்ற அட்டவணை முடிவு செய்யும். அந்த முத்திரைக்கு ரூட் டார்கெட் என்று பெயர். புதிய அயலவர் இல்லை, புதிய கேபிள் இல்லை, கணினிக்கு ஒரு வரி என்ற தொல்லை இல்லை. எல்லாம் சரி, சுவிட்சில் அந்த வசதிக்கு உரிமம் இல்லை. பல தயாரிப்பாளர்கள் இதை மேல்நிலை உரிமத்தில்தான் வைத்திருக்கிறார்கள். கட்டளையை அடித்துப் பார்த்துச் சுவிட்ச் மறுத்தபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. உரிமம் 76,000 ரூபா. முதலாளி, "பேசியது 45,000 அல்லவா?" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பாதியை நான் போட்டேன், 38,000. கொழும்பிலிருந்து அது வந்து சேர ஆறு நாள்.

அந்த ஆறு நாளில் செய்த ஒரே நல்ல காரியம், வீட்டு மடிக்கணினியில் ஒத்திகை பார்த்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள் (கெர்னல்) வீ.ஆர்.எஃப். 2015இல் வந்த 4.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எஃப்.ஆர்.ஆர். என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அதில் பி.ஜி.பி. கிடைக்கும், ஒரு அட்டவணை இன்னொன்றிலிருந்து வழித்தடங்களை எடுத்துக்கொள்ள "இம்போர்ட் வீ.ஆர்.எஃப்." என்று ஒரு வரி போதும். ஒரு சதம் செலவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒத்திகையையும் நான் அரைகுறையாகத்தான் பார்த்தேன். போக வேண்டியது போகிறதா என்று மட்டும் பார்த்து மூடிவைத்தேன்.

உரிமம் வந்த இரவு, வீட்டிலிருந்தபடியே தொலைவிலிருந்து சுவிட்சுக்குள் நுழைந்து வேலையைத் தொடங்கினேன். இணையக் கோட்டுக்கும் நிர்வாகத்துக்குமாகப் பொது அட்டவணை ஒன்று, ஐந்தாவதாக உருவாக்கினேன். எந்த வீலான் வழியாக நான் உள்ளே வந்திருந்தேனோ அதையே அந்தப் புது அட்டவணைக்குள் மாற்றும் கட்டளையை அடித்தேன். திரை அப்படியே உறைந்துபோனது. இதை மறக்காதீர்கள்: அந்த வகைச் சுவிட்சுகளில் ஒரு வீலானை வேறு அட்டவணைக்குள் போட்ட அந்தக் கணமே, அதிலிருந்த ஐ.பி. முகவரி அழிந்துபோகும். திரும்ப எழுத வேண்டும். திரும்ப எழுத நான் உள்ளே இருக்க வேண்டுமே! நின்றுகொண்டிருந்த கிளையையே வெட்டியிருந்தேன். விடுதி முழுவதும் இணையம் போய்விட்டது. நேரம் இரவு பதினொன்றேகால்.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். உப்புவெளி கடந்து, சாம்பல்தீவுப் பாலம் கடந்து, பதினைந்து கிலோமீற்றர் அளவு. நகரத்தைத் தாண்டும்வரை மான், தாண்டியபின் மாடு, இரண்டும் வீதியின் நடுவில். விடுதி வாசலில்தான் நினைவு வந்தது, வலை இல்லாமலே சுவிட்சுக்குள் நுழைய நேரே செருகும் கன்சோல் கேபிள் வீட்டு மேசையில் கிடக்கிறது. காவலாளி ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, சாப்பிட்டீரா?" என்று கேட்டார். அழுகை வந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. திரும்பிப் போய்க் கேபிளை எடுத்துவந்தேன். அதன் முனை உடைந்திருந்தது. ஒரு தாளை மடித்து அடைகொடுத்துப் பிடித்துக்கொண்டு முகவரியைத் திரும்ப எழுதியபோது இரண்டு மணி.

இதற்கு மருந்து இருக்கிறது, அதுவும் இலவசம். ஆபத்தான மாற்றம் எதையும் தொடங்குவதற்கு முன்னால், இருக்கும் அமைப்பைச் சேமித்துவிட்டு, "ரீலோட் இன் 10" என்று அடித்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானாகவே மீண்டும் தொடங்கும். பழைய அமைப்போடு எழும்பும். மாற்றம் சரியாக வந்துவிட்டால் அந்தக் கட்டளையை ரத்துச் செய்துவிட்டுப் பிறகு சேமிக்கலாம். வெளியே மாட்டிக்கொண்டால், ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து திரும்ப நுழையலாம். இடையில் பழக்கதோஷத்தில் சேமித்துவிட்டால் மட்டும் கதை கந்தல். சுவிட்ச் உங்கள் தவறோடேயே எழும்பும்.

அடுத்த அடி சனிக்கிழமை மாலை. எல்லா அட்டவணைகளுக்கும் பொது அட்டவணையிலிருந்து இணைய வழி கிடைக்க வேண்டும், அதாவது 0.0.0.0/0 என்ற இயல்பு வழித்தடம். ஃபயர்வாலை நோக்கிய ஸ்டாடிக் வரி பொது அட்டவணையில் இருந்தது. ஸ்டாடிக் வழித்தடங்களை பி.ஜி.பி.க்குள் ஏற்று என்று சொல்லியும் வைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில் விருந்தினர் அட்டவணையின் பழைய வழியை எடுத்துவிட்டேன். மற்ற ஸ்டாடிக் எல்லாம் ஏறியது, இயல்பு வழித்தடம் மட்டும் ஏறவில்லை. அதற்கு மட்டும் தனி அனுமதி வரி வேண்டும், "டிஃபோல்ட் இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்" என்று. எனக்குத் தெரியாது. ஏழரை மணி, அறைகள் நிறைந்திருக்கின்றன, வரவேற்பு மேசையில் வரிசை. பழையதைத் திரும்பப் போட்டுவிட்டு ஆறுதலாகத் தேடியிருக்கலாம். ரோஷத்தில், இதோ கண்டுபிடித்துவிடுகிறேன் என்று மூன்று மணி நேரம் குந்தியிருந்தேன். ஆறு அறைகளுக்கு விடுதி கழிவு கொடுத்தது. அந்த 18,000 ரூபாவும் என் கூலியிலிருந்து கழிந்தது. மாற்றம் ஒன்று பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் பழையதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் மனம் வேண்டும். அது தொழில்நுட்ப அறிவு இல்லை, வேறு ஏதோ ஒன்று. எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

அதன்பிறகு பதினொரு நாள் எந்த அழைப்பும் இல்லை. கமரா வருகிறது, பில் அடிக்கிறது, இணையம் வேகம். வேலை முடிந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலை முகாமையாளர் அழைத்தார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து தங்கியிருந்த ஒருவர் வரவேற்பு மேசைக்கு வந்து தன் கைத்தொலைபேசியைக் காட்டியிருக்கிறார். அதில் கமராப் பதிவுப் பெட்டியின் நுழைவுப் பக்கம். "இது எனக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பதிவுப் பெட்டியின் கடவுச்சொல்லை நான் முன்பே மாற்றியிருந்தேன். அது ஒன்றுதான் அன்று என் மானத்தைக் காத்தது.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குழியில் இன்னும் பலர் விழக்கூடும். நான் எல்லா அட்டவணைகளுக்கும் 65001:99 என்ற ஒரே முத்திரையைக் கொடுத்திருந்தேன். எல்லோரும் அதையே குத்தி வெளியே வைக்க, எல்லோரும் அதையே எடுத்துக்கொள்ள. பொது அட்டவணையோடுதானே எல்லோரும் பேச வேண்டும், ஒரு முத்திரை போதாதா என்று எண்ணினேன். பொதுக் கிணற்றுக்கு எல்லோருக்கும் பாதை வெட்டுவதாக நினைத்து, எல்லா வீட்டு வேலியையும் பிடுங்கி எறிந்திருந்தேன். விருந்தினர் அட்டவணை, அலுவலகத்தையும் கமராவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. 192.168.1.0/24 இரண்டு பக்கமிருந்தும் வந்ததால் அங்கே ஒன்றுதான் நின்றது. நின்றது கமரா வலை. கட்டண வலை நின்றிருந்தால்? எது நிற்கும் என்பதை நான் தீர்மானித்திருக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சரியான முறை இரண்டு முத்திரை. பொது அட்டவணை ஒரு முத்திரையைக் குத்தி வெளியே வைக்கட்டும், மற்றவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் இன்னொரு முத்திரையைக் குத்தட்டும், பொது அட்டவணை மட்டும் அதை எடுத்துக்கொள்ளட்டும். அப்போது ஓரத்தில் இருப்பவை ஒன்றையொன்று அறியா. பொது அட்டவணை விருந்தினரிடம் வாங்கியதை அலுவலகத்துக்குக் கடத்திவிடாதா என்று கேட்பீர்கள். கடத்தாது, இப்படி எடுத்துக்கொண்ட வழித்தடம் தானாக மறுபடி வெளியே போகாது. அலுவலகத்துக்கும் கமராவுக்கும், அலுவலகத்துக்கும் கருவிகளுக்கும் இடையே மட்டும் தனித்தனி முத்திரைகள் கொடுத்தேன். அதோடு, எந்த வழித்தடம் உள்ளே வரலாம் என்று ஒரு பட்டியலையும் வாசலில் நிறுத்தினேன். முத்திரையில் தவறினாலும் பட்டியலில் இல்லாதது நுழையாது. இன்னொரு குழப்பமும் எனக்கு இருந்தது: ரூட் டிஸ்டிங்குவிஷர் என்று அதே உருவத்தில் எழுதும் வேறொரு எண் உண்டு. இரண்டும் ஒன்றென்று நினைத்திருந்தேன். அது 8 பைட் நீள முன்னொட்டு; 4 பைட் முகவரிக்கு முன்னால் ஒட்டி 12 பைட் ஆக்கி, ஒரே முகவரியுள்ள இரண்டு வலைகளை பி.ஜி.பி. குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். யாருக்கு யார் தெரியவேண்டும் என்பதில் அதற்குப் பங்கில்லை. 2006இல் வந்த ஆர்.எஃப்.சி. 4364 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. படித்தேன், எல்லாம் முடிந்தபிறகு.

ஃபயர்வாலைச் சுற்றிப் போக வழி வெட்டினால் ஃபயர்வால் செய்துகொண்டிருந்த காவலும் போய்விடும் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். முன்பு அலுவலகத்திலிருந்து கமராவுக்குப் போகலாம், கமராப் பக்கமிருந்து யாரும் அலுவலகத்துக்குள் தொடங்க முடியாது. யார் பேச்சைத் தொடங்கினார் என்று ஃபயர்வால் நினைவில் வைத்திருக்கும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சுவிட்சில் போடும் பட்டியலான ஏ.சி.எல்.லுக்கு அந்த நினைவு கிடையாது. இரண்டு திசைக்கும் நாமே எழுத வேண்டும். இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு பேசும் டி.சி.பி.க்கு "எஸ்டாப்ளிஷ்ட்" என்ற சொல்லைச் சேர்த்து ஓரளவு சமாளிக்கலாம், இணைப்பில்லாமலே அனுப்பும் யூ.டி.பி.க்கு அதுவும் இல்லை. இன்றைக்கு யாராவது என்னிடம் கட்டணக் கருவிகளைச் சுவிட்சுக்குள்ளேயே இணைத்துத் தா என்றால், மாட்டேன், அது ஃபயர்வால் வழியாகவே போகட்டும் என்பேன். கருவிகள் அனுப்புவது சில கிலோபைட். அதற்கு 100 மெகாபிட் தாராளம். கமராவை மட்டும் சுவிட்சுக்குள் கசியவிட்டிருந்தால் நெரிசலும் தீர்ந்திருக்கும், பாதி வில்லங்கமும் வந்திராது.

சோதனை செய்யும் முறையையும் மாற்றிக்கொண்டேன். ஒரு தாளில் ஐந்து அட்டவணைகளையும் மேலே ஒருமுறை, பக்கத்தில் ஒருமுறை எழுதிக் கட்டம் போட்டேன். போக வேண்டிய கட்டத்தில் சரி, போகக்கூடாத கட்டத்தில் பிழை. சரிக் கட்டங்கள் சில, பிழைக் கட்டங்கள்தான் அதிகம். முன்பு சரிக் கட்டங்களை மட்டுமே தொட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது மடிக்கணினியை விருந்தினர் வைஃபையில் போட்டு, கமராவுக்கு, கருவிக்கு, சேவையகத்துக்கு என்று ஒவ்வொன்றாகத் தட்டி, எதுவும் திறக்கவில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிளம்புகிறேன். அந்தத் தாள் சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இத்தோடு விட்டதா? செப்டம்பரில் கடற்கரை மதுக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கட்டணக் கருவி வந்தது. பிங் போகிறது, இணையம் இருக்கிறது, கணக்குச் சேவையகத்தோடு மட்டும் பேசாது. பக்கத்துக் கருவி பேசும். கருவி கொடுத்தவர்கள் வலையைக் குறை சொன்னார்கள், நான் கருவியைக் குறை சொன்னேன். அரை நாள் போனபின்தான் அதன் முகவரியை உற்றுப் பார்த்தேன். தானாகக் கிடைத்த முகவரி, 192.168.1.50. என் கெட்டித்தனம் அங்கே வந்து நின்றது. கருவி கேட்கும் கேள்வி சேவையகத்துக்குப் போய்விடும். சேவையகம் சொல்லும் பதில் அந்த /32 வரியைப் பிடித்துக்கொண்டு கமராப் பதிவுப் பெட்டிக்குப் போய்விடும். கேட்காத பதிலைப் பெற்ற பதிவுப் பெட்டி, இது என் பேச்சில்லை என்று முறித்துவிடும். கருவியின் முகவரியை மாற்ற ஒரு நிமிடம் ஆனது. முகாமையாளரிடம் காரணத்தைச் சொல்ல அதைவிட நேரமெடுத்தது.

கணக்கு இது. கூலி 45,000இல் கழிவு போகக் கையில் வந்தது 27,000. உரிமத்தில் என் பங்கு 38,000, பெற்றோலும் புதுக் கன்சோல் கேபிளும் 7,500. ஆக 18,500 ரூபா என் கையிலிருந்து. அந்த நாட்களில் உப்புவெளியில் வந்த ஒரு வேலையையும் வேறொருவர் கொண்டுபோனார். அது 60,000. விழித்த இரவுகள் ஒன்பது. வீட்டில் மனைவி இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "நீங்கள் காசு கொடுத்துப் படித்திருக்கிறீர்கள், சான்றிதழ்தான் தரவில்லை" என்றார்.

நவம்பரில், மழை தொடங்கி அறைகள் காலியானதும், கமராக்களின் முகவரிகளை மாற்ற ஒப்புக்கொண்டேன், கூலியில்லாமல். எழுதும்போது தயாரிப்பாளர் கொடுத்த முகவரியை விட்டுவிட்டு 10.40.1.0/24 என்று மாற்றினேன். முப்பத்தெட்டில் முப்பத்தொன்று உலாவியிலேயே மாறியது. ஆறுக்கு ஏணி வைத்து ஏறி, நனைந்துகொண்டு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. மிச்சம் ஒன்று. முன்பு யாரோ அதைக் கடற்கரைத் தென்னை ஒன்றின் உச்சியில் கட்டியிருக்கிறார்கள். ஏணி எட்டவில்லை. பழைய முகவரியிலேயே இருக்கிறது. தேங்காய் பறிக்க ஆள் வரும்போது சொல்லியனுப்புவதாக முகாமையாளர் கூறியிருக்கிறார்.